உப்புத் தரை தாங்கும் என்றார்

பாலைவனத்துக்குப் போகலாம் என்று முதலில் சொன்னது யார்? அவரா, நானா? எத்தனையோ முறை யோசித்துவிட்டேன், இன்னும் பதில் தெரியவில்லை.

என் கணவரைக் கேட்டால், "நீதானே சொன்ன" என்பார். நான் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "கடல் சத்தமே கேக்காத எடத்துல பாப்பாவக் கொஞ்ச நாள் வெச்சிருந்தா நல்லா இருக்கும்ங்க" என்றேன். அவ்வளவுதான். என் மனதில் இருந்தது என் அம்மா வீடு. இரும்பை என்கிற ஊர்ப் பக்கம், மணிலாக் கடலைக் கொல்லைக்கு நடுவில் இருக்கிறது. அங்கே கடல் காதில் விழாது. ஆனால் அவர் அன்று சாயங்காலமே இந்தியா மேப்பை வாங்கிவந்து தரையில் விரித்து, ராஜஸ்தான் மேல் உள்ளங்கையை வைத்து, "இங்க பாரு, எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணியே கெடையாது" என்றார். நான் அப்போது சிரித்தேனா, சரி என்றேனா? அதுதான் நினைவில் இல்லை. நான் சிரித்ததைத்தான் அவர் சரி என்று எடுத்துக்கொண்டாரோ என்னவோ.

எங்கள் வீடு மரக்காணத்தில் இருக்கிறது. மாமனாருக்கு உப்பளம் உண்டு, அதை என் கணவர்தான் பார்த்துக்கொள்கிறார். நான் பாண்டிச்சேரியில் வேதியியல் படித்துவிட்டு வாழ்க்கைப்பட்டு வந்தவள். "சோடியம் குளோரைடுன்னு எழுதத் தெரியும், ஒரு கூடை உப்பு அள்ளத் தெரியாது" என்று வந்த புதிதில் மாமியார் சொல்வார். வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சேர்ந்து சிரிப்பேன். உப்பைப் பற்றி அந்த வீட்டில் நான் வாய் திறப்பதில்லை. திறக்க வேண்டிய தேவையும் வந்ததில்லை.

எங்கள் மகளுக்குச் சுனாமியின்போது இரண்டு வயது. அன்று ஞாயிற்றுக்கிழமை. மழையில் உப்பளத்துக் கரை உடைந்திருக்கிறதா என்று பார்க்க அவர் பைக்கில் கிளம்பினார். நானும் வர்றேன் என்று பாப்பா அழுதாள், முன்னால் உட்கார வைத்துக்கொண்டு போனார். கால்வாய் வழியாகத் தண்ணீர் ஏறி வந்தபோது, உப்பைக் குவித்து வைக்கும் மேட்டின் மீது ஓடி ஏறியிருக்கிறார். தண்ணீர் அவர் நெஞ்சு வரைக்கும் வந்ததாம். பாப்பா அவர் கழுத்தில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் அவர் தலைமயிரைப் பிடித்திருந்தாள். தண்ணீர் இறங்கிய பிறகு அப்படியே நடந்து வீட்டுக்கு வந்தார்கள். பிள்ளை உடம்பில் ஒரு கீறல் இல்லை. கடலோரக் குப்பங்களில் அன்று நடந்ததை நினைத்தால், எங்களுக்கு ஒன்றுமே நடக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். அப்படித்தான் எல்லோரும் சொன்னார்கள்.

மறுநாள் குளிப்பாட்ட ஒரு சொம்பு தண்ணீர் மொண்டேன். அந்தச் சத்தத்துக்கே பாப்பா அலறினாள். அலறி அலறி முகம் நீலம் பாய்ந்துவிட்டது. பிறகு ஒரு வருஷம் அவளுக்கு ஈரத்துணிதான் குளியல். தலையை வெதுவெதுப்பான துண்டால் துடைப்பேன். குழாயைத் திறப்பதென்றால் அவளை வாசலுக்கு அனுப்பிவிட்டுத்தான் திறப்பேன். மழை பெய்தால் ரேடியோவை உரக்க வைப்பேன். பாண்டிச்சேரியில் பார்த்த டாக்டர், "சூழ்நிலைய மாத்திப் பாருங்கம்மா" என்றார். எத்தனை நாள், எங்கே, எப்படி மாற்றுவது என்று கேட்டிருக்க வேண்டும். வெளியே நிறையப் பேர் காத்திருந்தார்கள், எழுந்து வந்துவிட்டேன்.

பொங்கல் முடிந்ததும் கிளம்புவதாக முடிவானது. மழை விட்டு உப்பளத்தைத் திருத்துகிற மாதம் அது. முந்தைய வருஷம் பாத்திகளில் சேறு ஏறி உப்பு சரியாக விளையவில்லை, இந்த வருஷம் வேலையை மாமனார் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். எங்களுடையது பழைய ஆம்னி வேன். பின்சீட்டைக் கழற்றி மெத்தை போட்டோம். மண்ணெண்ணெய் அடுப்பு, அரிசி, புளிக்காய்ச்சல், தெர்மாமீட்டர், காய்ச்சல் மருந்து, பேதி மருந்து, எல்லாவற்றிலும் இரண்டிரண்டு. கூடாரம் மட்டும் இல்லை. பக்கத்து ஊர் அனுமந்தையில் அவருக்கு ஒரு மீனவ நண்பர் இருக்கிறார். தற்காலிகக் கொட்டகைக்கு மாறியபின், சுனாமி நிவாரணத்துக்கு வந்த டெண்ட்டைச் சுருட்டி வைத்திருந்தார். இவர் போய்க் கேட்டிருக்கிறார்.

"டேய், எழவு ஊட்டுக்குக் குடுத்த டெண்ட்டுடா இது. இத எடுத்துக்கினு டூர் போறியா?" என்றாராம் நண்பர்.

"டூரு இல்லடா. வைத்தியம்."

"அப்ப வர்றப்ப எனக்கு ஒரு ஒட்டகம் புடிச்சிக்கினு வா. படகுக்குப் பதிலா ஓட்டறேன்."

டெண்ட் வீட்டுக்கு வந்தது. விரித்தபோது ஈரப்பூஞ்சை நாற்றம் அடித்தது. மாமியார் தூரத்தில் நின்று பார்த்தார். "ஒரு வருஷமா புள்ளைக்கு ஒரு சொம்பு தண்ணி ஊத்தத் துப்பில்ல. பாலைவனத்துக்குப் போறாளாம்." என்னிடம் சொல்லவில்லை, டெண்ட்டைப் பார்த்துத்தான் சொன்னார். நான் டெண்ட்டை வெயிலில் காயப்போட்டேன்.

பெங்களூர் தாண்டி, பூனா தாண்டி, குஜராத் வழியாக ராஜஸ்தான் போனோம். வழியில் பெட்ரோல் பங்க்குகளுக்குப் பின்னாலும் தாபாக்களின் ஓரத்திலும் டெண்ட் அடித்தோம். சும்மா ஊர் பார்க்கப் போகிறோம் என்று அவர் எல்லோரிடமும் கையைக் காட்டிச் சொல்வார். எனக்கு ஒன்றும் பார்க்க முடியவில்லை. பிள்ளையின் நெற்றியைத் தொட்டுக்கொண்டே இருந்தேன். தண்ணீரை இரண்டு முறை காய்ச்சினேன். வழியில் ஆறு வந்தால் பாலம் முடியும்வரை பாப்பாவின் தலையை மடியில் வைத்துத் துணியால் மூடிக்கொள்வேன். நர்மதைப் பாலம் நீளமானது. "போதும்மா, மூச்சு முட்டப் போவுது" என்றார். அதற்கும் பயந்து துணியை எடுத்தேன்.

ஜெய்சல்மேர் பக்கம் பாலைவன தேசியப் பூங்கா இருக்கிறது. பூங்கா என்றதும், படித்த எனக்கே மனதில் இரண்டு பெஞ்சும் ஒரு ஊஞ்சலும் வந்தன. போய் இறங்கினால் முள்செடியும் புல்திட்டும் மணலும் வானமும்தான். "பூங்கான்னாங்க, ஒரு பூவக் காணோமே" என்றார் அவர். பூங்காவுக்குள் டெண்ட் போட விடமாட்டார்கள். வன இலாகா ஆட்கள் காட்டிய ஊர் ஓரத்தில், ஒரு வன்னிமரத்துக்கு அடியில் போட்டோம். காலையில் உள்ளே போய், மான்களையும், தூரத்தில் நடந்துபோன ஒரு பெரிய பறவையையும் பார்த்துவிட்டு வருவோம்.

அங்கேதான் பாப்பா மாறினாள். இதை நான் மிகைப்படுத்தவில்லை. இரண்டாம் நாள், வேனிலிருந்து பிளாஸ்டிக் மக்கை எடுத்துப்போய் மணலை மொண்டு தன் காலில் ஊற்றிக்கொண்டாள். பிறகு தொடையில், தோளில். அப்புறம் தலையில். நான் ஓடினேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "விடு. குளிக்கறா பாரு."

அதற்கு மறுநாள் காலையில் நான் அரிசி களைந்த தண்ணீரைக் கொட்டினேன். பாப்பா பக்கத்தில் நின்றதை நான் கவனிக்கவில்லை. அவள் அலறவில்லை. தண்ணீர் விழுந்த இடத்தைக் குனிந்து பார்த்தாள்.

"தண்ணி எங்கப்பா?"

"மண்ணு குடிச்சிடுச்சி."

"எல்லாத்தயுமா?"

"எல்லாத்தயும். எவ்ளோ ஊத்தினாலும் குடிச்சிடும்."

அவள் சிரித்தாள். ஒரு வருஷமாக இந்தப் பிள்ளை வாய்விட்டுச் சிரித்துப் பார்த்ததில்லை. "இன்னும் ஊத்து, இன்னும் ஊத்து" என்று என் புடவையைப் பிடித்து இழுத்தாள். குடிக்க வைத்திருந்த தண்ணீரில் பாதியை அன்று மண்ணில் கொட்டியிருப்போம். கடைசியில் அவளே டம்ளரில் ஊற்றினாள். கையில் தண்ணீர் பட்டது, உதறிவிட்டு மறுபடியும் ஊற்றினாள். நான் வேனுக்குப் பின்னால் போய் அழுதேன். அவர் அங்கே வந்து, "இன்னா, டாக்டரம்மா, வைத்தியம் புடிச்சிதா?" என்றார். அந்த நிமிஷத்தில் இந்தப் பயணத்தைச் சொன்னது நான்தான் என்று யாரிடம் வேண்டுமானாலும் அடித்துச் சொல்லியிருப்பேன்.

அங்கிருந்து நேராக வீட்டுக்குத் திரும்பியிருக்கலாம். ஆனால் வழியில்தான், குஜராத்தில், கட்ச் உப்புப் பாலைவனம். காட்டுக்கழுதைகளுக்கான சரணாலயமும் அங்கே இருக்கிறது. பாப்பாவுக்குக் கழுதை காட்டலாம் என்றார். அவருக்கு வேண்டியது கழுதை இல்லை என்று எனக்குத் தெரியும். எங்கள் ஊரில் உப்பு விலை இறங்கும்போதெல்லாம் குஜராத் உப்பு வந்துவிட்டது என்று திட்டுவார்கள். அந்த உப்பு விளைகிற மண்ணை அவர் கண்ணால் பார்க்க வேண்டும். அது நியாயமான ஆசைதானே? நான் எப்படி வேண்டாம் என்பது?

கழுதைகளைப் பார்த்தோம். வெளிறிய பழுப்பு நிறத்தில் குதிரை மாதிரி ஓடின. பாப்பா கை தட்டினாள். மதியம் தாண்டி, வண்டித் தடம் ஒன்றைப் பிடித்துப் போய்க்கொண்டிருந்தோம். இரண்டு பக்கமும் வெடித்த களிமண். கொஞ்ச தூரத்தில் தரை வெள்ளையாக ஆரம்பித்தது. ஒரு மேடு இல்லை, ஒரு செடி இல்லை, வானம் தொடும்வரைக்கும் உப்பு. அவர் வண்டியை நிறுத்தினார். பிறகு, "நடுவுல போய் டெண்ட் போடுவோம். பாப்பா உப்புல வெளையாடட்டும்" என்றார்.

"தடத்த விட்டுப் போலாமாங்க? தரை தாங்குமா?"

அவர் இறங்கிப்போய் வெள்ளையின் ஓரத்தில் குதிகாலால் ஓங்கி மிதித்துக் காட்டினார். "கல்லு மாதிரி இருக்குது. உப்பு பூத்தா அடியில தரை இறுகிப் போச்சுன்னு அர்த்தம். உப்புக்காரன்கிட்ட உப்பப் பத்திக் கேக்கறியே. நீ படிச்சது பாட்டில்ல இருக்கிற உப்பும்மா."

இதை நான் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் ஊரில் மழைக்காலம் முடிந்ததும் உப்புப் பாத்தியை மிதிப்பார்கள். சேற்றில் ஆணும் பெண்ணும் வரிசையாக நின்று நாள் கணக்கில் காலால் மிதித்து மிதித்து, தரை சிமெண்ட் போல ஆன பிறகுதான் கடல்நீரைப் பாய்ச்சுவார்கள். அந்தத் தரையில்தான் உப்பு வெள்ளையாக இறங்கும். அதனால் மரக்காணத்தில் பிறந்த யாருக்கும், தரை வெளுத்திருந்தால் அடியில் கெட்டி என்பது கண்ணால் பார்த்தே தெரிந்துகொள்ளும் விஷயம். நடக்கக் கற்றுக்கொள்ளும்போதே காலுக்குத் தெரிந்துவிடும். ஆனால் இந்த வெள்ளையை யாரும் மிதிக்கவில்லை. மழைத்தண்ணீரும் கடல்தண்ணீரும் தானாக வந்து தேங்கி, மேலே மட்டும் காய்ந்திருந்தது. இது எனக்கு இப்போது புரிகிறது. அன்று எனக்குத் தோன்றியது வெறும் பயம். எதற்கெடுத்தாலும் எனக்குத் தோன்றும் பயம்தான் இதுவும் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டேன்.

வேன் வெள்ளையில் ஏறியது. சக்கரத்துக்கு அடியில் அப்பளம் நொறுங்குகிற மாதிரி சத்தம் கேட்டது. பாப்பாவுக்கு அது பிடித்திருந்தது. கொஞ்ச தூரம் நன்றாகத்தான் போனது. பிறகு முன்சக்கரம் ஒரு பக்கமாக இறங்கி, வண்டி சாய்ந்து நின்றது. "ஒண்ணுமில்ல, சின்னப் பள்ளம்" என்று அவர் இறங்கினார். "அப்பா, தூக்கு" என்று பாப்பா கையை நீட்டினாள். அவளைத் தூக்கிக் கழுத்தில் உட்காரவைத்துக்கொண்டு, எந்தப் பக்கம் வண்டியை எடுக்கலாம் என்று பார்க்க முன்னால் நடந்தார்.

சில அடிதான் நடந்திருப்பார். தட்டு உடைகிற மாதிரி தரை உடைந்தது. அவர் தொடை வரைக்கும் உள்ளே போனார். காலை இழுக்கப் பார்த்தார், இடுப்பு வரைக்கும் போனார். வெள்ளைக்குக் கீழே இருந்தது மைபோலக் கறுப்பான சேறு. அவரைச் சுற்றி அந்த உடைப்பு வழியாகத் தண்ணீர் மேலே வந்தது. மெதுவாக, சத்தமே இல்லாமல் வந்தது. பாப்பா அவர் கழுத்தில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் அவர் தலைமயிரைப் பிடித்துக்கொண்டு குனிந்து அதைப் பார்த்தாள்.

"எறங்காத. நீ எறங்காத" என்று கத்தினார். நான் இறங்கிவிட்டேன். என்ன செய்கிறேன் என்று தெரிந்து செய்ததாகச் சொல்ல முடியாது. கையில் கிடைத்தது டெண்ட் மூட்டைதான். அதை அவிழ்த்து உப்பின் மேல் விரித்து, குப்புறப் படுத்து, அதன் மேல் ஊர்ந்து போனேன். கேன்வாஸுக்கு அடியில் தரை நெளிந்தது. பாப்பாவின் இடுப்பைப் பிடித்து இழுத்தேன். அவள் மயிரை விடவில்லை. அவர் தலை என் பக்கம் சாய்ந்தது, வலியில் முனகினார். அவள் விரல்களை நான் ஒவ்வொன்றாகப் பிரித்தேன். பிரித்த விரல் திரும்பப் போய்ப் பிடித்துக்கொண்டது. மறுபடியும் பிரித்தேன். அவள் அலறவில்லை. நான் அதற்காகக் காத்திருந்தேன், அந்த அலறலுக்கு நான் பழகியிருந்தேன், அது வரவில்லை. "மண்ணு கக்குது" என்று மட்டும் சொன்னாள். மெல்லிய குரலில், யாரிடமும் இல்லாமல்.

அவளை வேனுக்குள் போட்டுக் கதவைச் சாத்திவிட்டு, டெண்ட்டின் கயிற்றை வேனின் கதவுத் தூணில் கட்டி, மறுமுனையை அவரிடம் எறிந்தேன். அவர் அதைப் பிடித்துப் படுத்தவாக்கில் வெளியே வந்தார். ஒரு செருப்பும் இல்லை. வாயெல்லாம் சேறு. வெகுநேரம் கழித்து, தூரத்தில் உப்பு வேலை செய்கிறவர்கள் எங்களைப் பார்த்து டிராக்டரோடு வந்தார்கள். கெட்டித் தரையிலேயே நின்று, நீளக் கயிறு போட்டு வேனை இழுத்தார்கள். ஒருவர் கையை ஆட்டி ஆட்டி ஏதோ கேட்டார், எங்களுக்குப் பாஷை தெரியாது. என் கணவருக்குத் தெரிந்த இரண்டு மூன்று இந்திச் சொற்களில் 'நமக்' ஒன்று. அவர் தன் நெஞ்சைத் தொட்டு, "ஹம் பீ நமக்" என்றார். நாங்களும் உப்பு என்று அர்த்தம் வருமோ என்னவோ. கேட்டவர் அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். மேலெல்லாம் உப்பும் சேறும். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எங்களுக்கு டீ கொடுத்தார்கள். பாப்பாவுக்கு ஒரு பிஸ்கட் கொடுத்தார்கள். அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள்.

டெண்ட் சேற்றோடு போய்விட்டது. திரும்பும் வழியெல்லாம் லாட்ஜில் தங்கினோம். பாலம் வந்தபோது நான் துணியை எடுத்தேன். பாப்பா தலையை மடியில் வைக்கவில்லை. ஜன்னல் வழியாக ஆற்றைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்த அன்றே மாமியார் அவளைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய், நான் தடுப்பதற்குள் ஒரு சொம்பு தண்ணீரைத் தலையில் ஊற்றிவிட்டார். பாப்பா உட்கார்ந்திருந்தாள். இரண்டாவது சொம்பு, மூன்றாவது சொம்பு. உட்கார்ந்தே இருந்தாள். "பயம் தெளிஞ்சிடுச்சி!" என்று மாமியார் தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார். கிளம்பும்போது எங்களைத் திட்டியவர்கள் எல்லோரும் வந்து பார்த்தார்கள். யார் யோசனை இது என்று கேட்டார்கள். "நான்தான்" என்றார் என் கணவர். அனுமந்தை நண்பர் மட்டும், "டெண்ட்டு எங்கடா? ஒட்டகம் எங்கடா?" என்று கேட்டுவிட்டு, பாப்பாவை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார்.

அவர் எதைப் பார்த்தாரோ தெரியாது, நான் தினமும் பார்ப்பது இது. தண்ணீர் ஊற்றும்போது பாப்பா கண்ணை இறுக மூடி, இரண்டு கைகளாலும் தன் தலைமயிரையே பிடித்துக்கொள்கிறாள். சோப்பு கண்ணில் போனாலும் அழுவதில்லை. சித்திரை மாதம் கல்லில் விழுந்து முழங்கால் கிழிந்தது. ரத்தம் பாவாடையில் ஊறிய பிறகுதான் நான் பார்த்தேன். காய்ச்சல் வந்தால் நான் தொட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். பேசுகிறாள், சாப்பிடுகிறாள், சில நாள் சிரிக்கவும் செய்கிறாள். ஆனால் "அம்மா" என்று பயந்து கூப்பிட்டு மாதங்கள் ஆகின்றன.

ஜூனில் பள்ளியில் சேர்த்தோம். "இவ்ளோ சமத்தான கொழந்தைய நான் பாத்ததே இல்ல" என்றார் டீச்சர். என் கணவருக்குப் பெருமை தாங்கவில்லை. போன மாதம் பள்ளியில் கதவிடுக்கில் பாப்பாவின் விரல் மாட்டியிருக்கிறது. எவ்வளவு நேரம் என்று யாருக்கும் தெரியவில்லை. மற்ற பிள்ளைகள் சாப்பிடப் போன பிறகு, கூட்டிப் பெருக்க வந்த பெண்மணி பார்த்துக் கதவைத் திறந்திருக்கிறார். நகம் கறுத்துவிட்டது. "கூப்பிட்டிருக்கலாமேடி கண்ணு?" என்று கேட்டேன். என்னைப் பார்த்தாள். நான் என்ன கேட்கிறேன் என்பதே புரியாத மாதிரி பார்த்தாள்.

நான் மட்டும் தனியாகப் போய் அந்த டாக்டரைப் பார்த்தேன். இந்த முறை உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டேன். பயத்தை உள்ளேயே அடைத்து வைத்திருக்கிறாள், பழையதை அவள் வாயாலேயே சொல்லவைக்க வேண்டும், திரும்ப அலறத் தொடங்கலாம், அதற்கு நீங்கள் தயாராக இருக்க வேண்டும் என்றார். வீட்டில் வந்து சொன்னேன்.

"நல்லா இருக்கிற புள்ளைய ஏம்மா அழ வெக்கணும்ங்கற?" என்றார் என் கணவர். கோபமாகக் கேட்கவில்லை. அவர் குரல் கெஞ்சியது. இன்னொரு முறை அவர் தலைமயிரை அந்தக் கைகள் பிடிப்பதை அவரால் தாங்க முடியாது என்று எனக்குத் தெரியும். மாமியார், "சும்மா கெடக்கறதக் கெளறாத" என்றார். அவர்கள் சொல்வது சரியாகவும் இருக்கலாம். குழந்தைகள் மறந்துவிடும் என்கிறார்கள். நான் எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள்தானே. ஆனால் நாளை அவள் எங்கேயோ மாட்டிக்கொண்டால், விழுந்தால், யாராவது தவறாகத் தொட்டால், கூப்பிடுவாளா? கூப்பிடாத பிள்ளையிடம் நான் எப்படிப் போய்ச் சேர்வது?

டாக்டர் அடுத்த மாதம் கூட்டிவரச் சொல்லியிருக்கிறார். வீட்டில் யாருக்கும் சம்மதம் இல்லை. இதைப் படிக்கிற உங்களில் யாருக்காவது, அழுவதை நிறுத்திவிட்ட பிள்ளையை வளர்த்த அனுபவம் இருந்தால் சொல்லுங்கள். அதன் போக்கிலேயே விட்டீர்களா, அழவைத்தீர்களா? அழவைத்திருந்தால், அப்போது அப்பா பக்கத்தில் இருந்தாரா? நான் அவர் சம்மதத்துக்குக் காத்திருக்கட்டுமா, அல்லது அவரிடம் சொல்லாமலேயே பாப்பாவைப் பஸ் ஏற்றிக் கூட்டிப் போகட்டுமா?